ஜீபியிடம் ரிப்போர்ட் கேட்கிறார்கள், கையெழுத்து வைக்கலாமா?

இங்கிலாந்தில் ஒரு கேர் ஹோமில் வேலை செய்யும் வாசகி எழுதியது. அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"வணக்கம் டொக்டர். ஒரு வருடத்துக்கு மேலாக எனக்கு நாரி நோ (கீழ்முதுகு வலி). இப்போது ஒன்பது வாரமாக சிக் லீவில் நிற்கிறேன். வேலையிடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. ஆக்குபேஷனல் ஹெல்த் டொக்டர் (வேலையாட்களின் உடல்நிலையைப் பார்க்கக் கம்பெனி வைத்திருப்பவர்) என் ஜீபியிடம் (குடும்ப டொக்டரிடம்) ரிப்போர்ட் எடுப்பதற்கு நான் சம்மதித்துக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். ஆறு வருடத்துக்கு முதல் எனக்குக் கரு கலைந்து, அதன் பிறகு மனச்சோர்வுக்கு மருந்து எடுத்தேன். அது ஜீபியின் கம்ப்யூட்டரில் கிடக்கும். எங்கள் மனேஜரும் தமிழ் ஆள், அவருடைய வீட்டுக்காரரும் என் கணவரும் ஒரே ஊர். கையெழுத்து வைத்தால் அவ்வளவும் மனேஜர் கைக்குப் போய்விடுமா? வைக்காவிட்டால் வேலை போய்விடுமா? இதற்கிடையில் மனேஜர் போன் எடுத்து, 'ரிப்போர்ட் வர மாதக்கணக்காகும், நீங்களே சேர்ஜரியில் (ஜீபியின் கிளினிக்கில்) உங்கட ரெக்கோர்ட்ஸை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து தாங்கோ' என்கிறார். என்ன செய்யட்டும்?"

கையெழுத்து வையுங்கள். ஆனால் படிவத்தை முதலில் ஆறுதலாக வாசித்து, 'ரிப்போர்ட் அனுப்பப்படுவதற்கு முன் நான் பார்க்க விரும்புகிறேன்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் சரி போட்டுவிட்டு வையுங்கள். பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் கதையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உங்கள் பயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. நம் ஆட்கள் இந்தப் படிவத்தைக் கண்டு பயப்படுவது அநேகமாக இதே காரணத்துக்காகத்தான். வெள்ளைக்கார மனேஜர் என்றால் தெரிந்தாலும் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவார்கள், தமிழ் மனேஜர் என்றால் அடுத்த கிழமை கோயிலில் யார் எப்படிப் பார்ப்பார்கள் என்ற யோசனை வந்துவிடும். அதனால் கடிதம் எந்த வழியாகப் போகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஜீபி எழுதும் ரிப்போர்ட் போவது ஆக்குபேஷனல் ஹெல்த் டொக்டருக்கு, அல்லது அங்குள்ள நேர்ஸுக்கு. அவர்களும் உங்கள் ஜீபியைப் போலவே இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். சம்பளத்தை உங்கள் கம்பெனி கொடுத்தாலும் இது மாறாது. ரிப்போர்ட் அவர்களுடைய மருத்துவக் கோப்பில் இருக்கும், ஹெச்ஆர் அதைத் திறந்து பார்க்க முடியாது. மனேஜருக்குப் போவது அதைப் படித்து, உங்களோடும் கதைத்துவிட்டு ஆக்குபேஷனல் ஹெல்த் எழுதும் வேறொரு கடிதம். அதில் என்ன இருக்கும் என்றால், 'இவர் தற்சமயம் வேலைக்குத் தகுதியில்லை, ஏறத்தாழ இவ்வளவு வாரத்தில் திரும்பலாம், முதல் மாதம் அரை நேரம், தனியாக ஆட்களைத் தூக்கவோ திருப்பவோ கூடாது' என்ற மாதிரியான வசனங்கள். நோயின் பெயர்கூட உங்கள் சம்மதம் இல்லாமல் அதில் வரத் தேவையில்லை. அந்தக் கடிதத்தையும் அனுப்புவதற்கு முன் உங்களுக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாக அவர்களே கேட்பார்கள், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். நான் மேலே சொன்னது ஆக்குபேஷனல் ஹெல்த் நடுவில் நிற்கும் இடங்களுக்குத்தான். சின்னக் கம்பெனிகள் சிலவற்றில் அப்படி யாரும் இல்லை, ஹெச்ஆர் நேரடியாக ஜீபிக்கு எழுதும், ரிப்போர்ட்டும் நேரே ஹெச்ஆர் மேசைக்கே வரும். அதனால் படிவத்தில் 'ரிப்போர்ட்டை இந்த முகவரிக்கு அனுப்பவும்' என்று எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். அது ஆக்குபேஷனல் ஹெல்த் நிறுவனத்தின் முகவரியாக இல்லாமல் கேர் ஹோமின் முகவரியாகவோ மனேஜரின் ஈமெயிலாகவோ இருந்தால் கையெழுத்து வைக்காமல் ஹெச்ஆருக்கு ஒரு வரி எழுதுங்கள்: ரிப்போர்ட் போக வேண்டியது ஆக்குபேஷனல் ஹெல்துக்கு, அப்படித் திருத்திய படிவம் அனுப்புங்கள், உடனே வைத்துத் தருகிறேன் என்று. இது மறுப்பு ஆகாது.

அடுத்தது, எதற்குச் சம்மதம் கேட்கிறார்கள் என்ற வரி. 'மருத்துவ அறிக்கை' என்று இருந்தால் சரி. 'முழு மருத்துவப் பதிவுகள்' என்று இருந்தால் அந்தச் சொற்களை வெட்டி, 'நாரி நோ சம்பந்தமான அறிக்கை மட்டும்' என்று பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, சின்னதாக உங்கள் கையெழுத்தையும் திகதியையும் போடுங்கள். சம்மதம் உங்களுடையது, அதன் எல்லையைப் போடுவதும் நீங்கள்தான். அனுபவமுள்ள ஆக்குபேஷனல் ஹெல்த் டொக்டர் யாரும் இதற்குக் கோபிக்கமாட்டார். உண்மையைச் சொன்னால், இருநூறு பக்கப் பதிவை வாசிக்க அவருக்கும் ஆசையில்லை.

இப்போது சட்டம். 1988ஆம் ஆண்டில் பிரிட்டனில் கொண்டுவந்து, 1989 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறையில் இருக்கிற 'அக்சஸ் டு மெடிக்கல் ரிப்போர்ட்ஸ் ஆக்ட்' என்ற சட்டத்தின் பெயரை உங்கள் படிவத்தில் எங்கோ ஒரு மூலையில் சின்ன எழுத்தில் காண்பீர்கள். வேலைக்காகவோ காப்புறுதிக்காகவோ, உங்களுக்குச் சிகிச்சை தரும் அல்லது முன்பு தந்த மருத்துவரிடம் யாராவது ரிப்போர்ட் கேட்டால் என்னென்ன நடக்க வேண்டும் என்று சொல்லுகிற சட்டம் அது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக்கு இது, வட அயர்லாந்துக்கு 1991இல் வந்த தனி ஆணை. உங்களுடைய எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் ரிப்போர்ட் கேட்கவே கூடாது. கேட்கும்போதே, மறுக்கலாம், முன்கூட்டிப் பார்க்கலாம், திருத்தம் கேட்கலாம் என்ற உரிமைகளை உங்களுக்குச் சொல்லவும் வேண்டும். ஜீபி மட்டுமல்ல, முதுகெலும்பு கிளினிக்கில் உங்களைப் பார்க்கிற ஸ்பெஷலிஸ்டிடம் கேட்டாலும் இதே முறைதான்.

பார்க்க விரும்புவதாகச் சரி போட்டீர்கள் என்றால், கம்பெனி தரப்பு அதை ஜீபிக்கும் சொல்ல வேண்டும், ஜீபிக்கு விண்ணப்பம் போன அன்றே உங்களுக்கும் அறிவிக்க வேண்டும். அன்றிலிருந்து 21 நாள் உங்களுக்கு இருக்கிறது. அதற்குள் நீங்கள் சேர்ஜரியோடு தொடர்புகொண்டு பார்ப்பதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஜீபி அனுப்பிவிடலாம். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். பெட்டியில் சரி போட்டாகிவிட்டது, இனி அவர்களே கூப்பிடுவார்கள் என்று இருந்துவிடுவார்கள். சேர்ஜரி கூப்பிடாது. காலை எட்டு மணிக்கு அப்பொயிண்ட்மெண்டுக்காக எல்லோரும் முண்டியடிக்கிற நேரத்தில் எடுக்காமல், மத்தியானத்துக்குப் பிறகு எடுத்து, 'என்னுடைய வேலையிடத்துக்கு ஒரு ரிப்போர்ட் எழுதச் சொல்லி வந்திருக்கிறது, அனுப்புவதற்கு முன் நான் பார்க்க வேண்டும், என் கோப்பில் குறித்துவையுங்கள்' என்று சொல்லுங்கள். அதையே ஒரு ஈமெயிலாகவும் போட்டுவிடுங்கள், திகதியோடு இருக்கட்டும். படிவத்தில் சரி போட மறந்துபோயிருந்தால்கூட, ரிப்போர்ட் இன்னும் போகவில்லை என்றால் ஜீபிக்கு நேரே எழுதிக் கேட்கலாம், அந்தத் திகதியிலிருந்து வேறு 21 நாள் கிடைக்கும்.

பார்த்த பிறகு உங்கள் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அது வெளியே போகாது. பிழையாகவோ தவறான எண்ணத்தைத் தரும் விதமாகவோ ஏதாவது இருந்தால் திருத்தச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். ஜீபி ஒத்துக்கொள்ளாவிட்டால், உங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதி ரிப்போர்ட்டோடு சேர்த்து அனுப்பச் சொல்லலாம். ஒன்றுமே பிடிக்கவில்லை என்றால் அனுப்பவே வேண்டாம் என்று சொல்லவும் முடியும். ஆனால் உண்மையான, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமான ஒன்றை, எனக்குப் பிடிக்கவில்லை எடுத்துவிடுங்கள் என்றால் ஜீபி எடுக்கமாட்டார், எடுக்கவும் கூடாது. அரிதாகச் சில பகுதிகளை உங்களுக்குக் காட்டாமல் விடவும் சட்டம் அனுமதிக்கிறது: காட்டினால் உங்களுக்கோ இன்னொருவருக்கோ பாரிய கேடு வரும் என்றால், இன்னொரு ஆளின் தகவல் வெளிப்படும் என்றால். நாரி நோ ரிப்போர்ட்டில் அதெல்லாம் வராது.

சரி, அந்த ஆறு வருடக் கதைக்கு வருவோம். ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் டொக்டர்மாருக்குச் சொல்லியிருப்பது, இப்படியான ரிப்போர்ட்டில் கேட்ட விடயத்துக்குச் சம்பந்தமானதை மட்டும் எழுத வேண்டும், வழமையாக முழுப் பதிவையும் கொடுக்கக் கூடாது என்பதுதான். நாரி நோவைப் பற்றிக் கேட்டால், எப்போதோ முடிந்துபோன கருச்சிதைவுக்கும் அதன் பின்வந்த மனச்சோர்வுக்கும் அங்கே வேலையில்லை. ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. அவசரத்தில் இருக்கும் சேர்ஜரியில் கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் 'முக்கிய நோய்கள்' என்ற பட்டியல் அப்படியே ரிப்போர்ட்டின் அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. இதற்காகத்தான் முன்கூட்டிப் பாருங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பட்டியல் ஒட்டியிருந்தால், இது இந்தக் கேள்விக்குச் சம்பந்தமில்லை, எடுத்துவிடுங்கள் என்று கேளுங்கள், பெரும்பாலும் அந்த இடத்திலேயே எடுத்துவிடுவார்கள். அதற்கு முதலே, ஆக்குபேஷனல் ஹெல்த் ஜீபிக்கு அனுப்பப்போகும் கேள்விகளின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'இதுவரை வந்த எல்லா நோய்களும்' என்று வலை வீசுகிற மாதிரி ஒரு கேள்வி இருந்தால், ஏன் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அதேநேரம், இப்போதும் மனம் சரியில்லாமல் இருக்கிறது, நித்திரை இல்லை, வேலைக்குத் திரும்ப நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது என்றால் அதை ஆக்குபேஷனல் ஹெல்த் டொக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மறைத்தால் உங்களுக்குத்தான் நட்டம். அவரிடம் சொன்னது மனேஜருக்குச் சொன்னதாகாது.

என்னைக் கேட்டால், நீங்கள் பயப்பட வேண்டியது ஜீபி கூடுதலாக எழுதிவிடுவார் என்பதற்கு அல்ல. அவர் போதாமல் எழுதுவார். நான் தொழில்சார் மருத்துவத்தில் இருப்பவன், என் மேசைக்கு வரும் ஜீபி ரிப்போர்ட்டுகள் பலதில் நான்கு வரிதான் இருக்கும்: கீழ்முதுகு வலி, இன்ன மருந்து, பிசியோவுக்கு அனுப்பியிருக்கிறது, நோயாளி வேலை செய்ய முடியாது என்கிறார். ஜீபியைக் குறை சொல்லிப் பயனில்லை. பத்து நிமிட அப்பொயிண்ட்மெண்டில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? நோ கூடிவிட்டது, சிக் நோட் வேண்டும், அவ்வளவுதான். இரவு ஷிஃப்டில் இரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் நீங்கள் ஒருவர்தான் நின்றீர்கள், ஆளைத் தூக்கும் ஹொயிஸ்ட் மெஷினின் பற்றரி இறங்கிப்போய்க் கிடந்தது, ஆளைத் திருப்புவதற்கான ஸ்லைட் ஷீட் மற்ற மாடியில் இருந்தது, எண்பது கிலோ ஆளைத் தனியாகத் திருப்பினீர்கள், அன்றைக்குத்தான் பிடித்தது என்று சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள். ஜீபிக்கு உங்கள் மருந்து தெரியும், எம்ஆர்ஐக்கு எழுதியாகிவிட்டதா என்று தெரியும், உங்கள் வேலை தெரியாது. ஆக்குபேஷனல் ஹெல்துக்கு வேலை தெரியும், உங்களைத் தெரியாது. இரண்டையும் சேர்த்து வைக்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான்.

அதனால் அரைப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுங்கள். ஒரு ஷிஃப்டில் எத்தனை பேரைத் தூக்குகிறீர்கள், எத்தனை மணித்தியாலம் நிற்கிறீர்கள், எது செய்தால் நோ கிளம்புகிறது, எவ்வளவு நேரம் இருக்க முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, படி ஏறினால் எப்படி. மருந்தைப் பற்றியும் எழுதுங்கள். அமிட்ரிப்டிலின், கபபென்டின், கோடீன் மாதிரி ஏதாவது எடுக்கிறீர்கள் என்றால் அவை நித்திரை தூங்கப் பண்ணும், அந்த மயக்கத்தோடு இரவு ஷிஃப்ட் செய்வதும் விடியக் கார் ஓட்டி வீட்டுக்கு வருவதும் சின்ன விஷயம் இல்லை. ஒரு பிரதியை ஜீபிக்கு அனுப்பி, ரிப்போர்ட் எழுதும்போது பார்க்கச் சொல்லுங்கள், மற்றதை ஆக்குபேஷனல் ஹெல்த் கூப்பிடும்போது கையில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அநேகமாக போனில்தான் பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் விளக்கமாகச் சொல்ல வராது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை ஸ்பீக்கர் போனில் வைத்துக் கதைப்பிக்க வேண்டாம். பிள்ளைக்கு முன்னால் சொல்லக் கூச்சமானதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிடுவீர்கள்.

இந்தக் குறிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. நோ ஒரு வருடத்துக்கு மேலாக இருக்கிறது, அன்றாட வேலைகளையே பாதிக்கிறது என்றால், 2010ஆம் ஆண்டின் ஈக்குவாலிட்டி ஆக்ட்படி அது இயலாமை என்ற வரையறைக்குள் வர இடமிருக்கிறது. வந்தால், நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுப்பது முதலாளியின் கடமையாகிவிடும். அந்த மாற்றங்கள் என்னவென்று எழுதப்போவது ஆக்குபேஷனல் ஹெல்த்தான், அவருக்கு ஆதாரம் ஜீபியின் ரிப்போர்ட். அது மெலிந்திருந்தால் அவருடைய கடிதமும் மெலிந்துதான் இருக்கும்.

பிரிண்ட் விவகாரம். நீங்களே கேட்டால் சேர்ஜரி உங்கள் பதிவின் பிரதியைத் தர வேண்டும், காசும் இல்லை, வழமையாக ஒரு மாதத்துக்குள். அது உங்கள் உரிமை, உங்களுக்காக. அதைப் பயன்படுத்தி எடுத்துக்கொண்டு வந்து எனக்குத் தா என்று முதலாளி தரப்பு ஒருவரைக் கட்டாயப்படுத்துவது 2018ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 184ஆம் பிரிவின்படி குற்றம். உங்கள் மனேஜருக்கு இது தெரிந்திருக்காது, கெதியாக முடிக்க நினைத்துத்தான் கேட்டிருப்பார், அதனால் சண்டைக்குப் போக வேண்டாம். 'படிவத்தில் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன், ரெக்கோர்ட்ஸ் நான் கொண்டுவந்து தருவது சரியில்லையாம், ஆக்குபேஷனல் ஹெல்த் ஊடாகவே போகட்டும்' என்று ஒரு மெசேஜ் போடுங்கள். திரும்பவும் நெருக்கினால் ஹெச்ஆருக்கு எழுதுங்கள். யோசித்துப் பாருங்கள், அந்தப் பிரிண்டில் கரு கலைந்த நாள், அன்றைக்கு நீங்கள் டொக்டரிடம் அழுதுகொண்டு சொன்னது எல்லாம் அப்படியே இருக்கும். அதைக் கொண்டுபோய் மனேஜர் மேசையில் வைப்பதற்கா இவ்வளவு பாதுகாப்பும்?

கையெழுத்தே வைக்காவிட்டால் என்ன ஆகும்? வைக்கத்தான் வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கம்பெனி காத்துக்கொண்டே இருக்கவும் தேவையில்லை, கையில் இருக்கிற தகவலை வைத்து முடிவெடுக்கலாம், அந்த முடிவு உங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சுகவீனத்துக்காக ஒருவரை நிறுத்துவதற்கு முன் அவரோடு கதைத்து, உண்மையான மருத்துவ நிலையை அறிய முயற்சி எடுக்க வேண்டும் என்று 1977இலேயே ஈஸ்ட் லிண்ட்சி மாவட்ட சபைக்கு எதிராக டாப்னி என்பவர் போட்ட வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொல்லியிருக்கிறது. நீங்கள் மறுத்துவிட்டால், நாங்கள் முயற்சி எடுத்தோம், அவர்தான் விடவில்லை என்று அவர்கள் சொல்ல வசதியாகிவிடும்.

காசைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், சேர்ஜரியில் யாராவது கேட்கலாம். இப்படியான ரிப்போர்ட் அரசின் மருத்துவ சேவையான என்எச்எஸ் வேலைக்குள் அடங்காது, ஜீபி கட்டணம் கேட்பார், அதைக் கொடுக்க வேண்டியது ரிப்போர்ட்டைக் கேட்டவர். நீங்கள் போய்ப் பார்ப்பதற்குக் காசில்லை, பிரதி வேண்டும் என்றால் மட்டும் நியாயமான ஒரு தொகை கேட்கலாம். ரிப்போர்ட் போன பிறகும் ஆறு மாதத்துக்காவது ஜீபி பிரதியை வைத்திருக்க வேண்டும், அப்போதும் கேட்டுப் பார்க்கலாம். தாமதத்துக்கும் அநேகமாகக் காரணம் இந்தக் கட்டணம்தான்: கம்பெனி காசு அனுப்பும்வரை சேர்ஜரி எழுதாது, சேர்ஜரி எழுதவில்லை என்று கம்பெனி உங்களைக் குறை சொல்லும். இரண்டு கிழமை கழித்து இரண்டு பக்கமும் ஒரு தடவை போன் பண்ணி, எங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

ரிப்போர்ட் வரும்வரை சிக் நோட் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டப்படியான சுகவீனக் கொடுப்பனவுக்கு ஆதாரம் அந்த நோட்தான், ஜீபி ரிப்போர்ட் அல்ல, அது கூடியது 28 வாரத்துக்குக் கிடைக்கும். அதைவிடக் கூடுதலாகக் கம்பெனி தருகிற சிக் பே உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதன்படி. அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து வாசித்துவிட்டு, விளங்காவிட்டால் வேலையிட விவகாரங்களுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் அமைப்பின் உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள், ஆலோசனை இலவசம்.